படுக்கையறைக்குள் கேமரா: தன்னம்பிக்கை என்ற பெயரில் ஒரு வியாபாரம்



எழுதுவதற்குக் கூச்சம் தரும் பொருள் இது. ஆனாலும் மார்க்கத்தைக் கற்றுக்கொள்வதற்கு அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். கேட்கிறவர் வெட்கப்படாமல் கேட்கும்போது, கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது முறையாகாது.

நிஸ்வான் மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு, மணமாகிச் சென்ற முன்னாள் மாணவியரிடமிருந்து கேள்விகள் வருவதுண்டு. அண்மையில் ஒருவர் கேட்டது இது: “கணவரின் பிறந்த நாளுக்குப் பரிசாக, அவர் மட்டுமே பார்ப்பதற்காக, படுக்கையறை உடையில் படங்கள் எடுத்து ஆல்பம் ஆக்கிக் கொடுக்கிறார்கள். எடுப்பவரும் பெண். இதில் என்ன தவறு?” கூடவே, கேமராவின் முன் தன்னம்பிக்கையுடன் நிற்பது எப்படி என்று பாடம் நடத்தும் ஒரு காணொளியையும் அனுப்பியிருந்தார். ரயில் நின்று போகும் சிற்றூர்தான் எங்கள் எரியோடு. சுற்றிலும் நூற்பாலைகள், மானாவாரிக் காடுகள். ஆயினும் பெருநகரங்களின் விளம்பரம் கைபேசிக்குள் நுழைய நேரம் காலம் பார்ப்பதில்லை. ஆகவே, ‘இதெல்லாம் நம் ஊர்ப் பிரச்சினையா?’ என்று யாரும் கேட்க வேண்டாம்.

இந்தப் படங்களுக்குப் ‘பூடுவார்’ புகைப்படம் என்று பெயர். (பூட்டுக்குப் புகழ்பெற்று 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கிய திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் இதைப் ‘பூட்டுவார்’ என்று படித்துவிடக் கூடும். அப்படிப் படித்தால் பொருள் நேர்மாறாகிவிடும்.) இச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல், ஊடுதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. பழைய பிரெஞ்சுப் பிரபுக்களின் மாளிகைகளில், வீட்டுப் பெண் தனக்கென்று வைத்திருந்த சிறு அறைக்கு அந்தப் பெயர். நம் தமிழில் சொல்வதானால் ஊடலறை. விருந்தினரும் வேலைக்காரரும் உறவினரும் வராத இடத்தில், அவள் கதவைச் சாத்திக்கொண்டு தானாக இருப்பதற்கான அறை. அதே பெயரை வைத்துக்கொண்டு இன்று செய்யப்படுவது என்ன? அந்த அறைக்குள் விளக்கைக் கொண்டுபோய் நிறுத்தி, அந்நியர் ஒருவரையும் உள்ளே அழைத்து, அதற்குக் கட்டணமும் கட்டுவது. அறையின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் பொருள் வெளியேற்றப்பட்டுவிட்டது.

‘தன்னம்பிக்கை’ என்ற சொல்லை முதலில் சோதித்துப் பார்ப்போம். அந்தக் காணொளியில் கற்றுக்கொடுப்பது இவ்வளவுதான்: தாடையைச் சற்று முன்னே நீட்டித் தாழ்த்து, அப்போது கழுத்து நீளமாகத் தெரியும். உடலை நேராகக் காட்டாதே, ஒருக்களித்து நில், ஒல்லியாகத் தெரிவாய். முதுகை வளை. கால் விரல்களை நீட்டு. கைவிரல்களைத் தளர்த்து. மூச்சை வெளியே விட்டு உதட்டைச் சிறிது திற. வயிறு தெரிகிறதா? போர்வையை இழுத்துக்கொள். இதில் தன்னம்பிக்கை எங்கே இருக்கிறது? ஒரு பெண் தன் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் பிறர் கண்ணால் அளந்து, எங்கே மறைக்க வேண்டும், எங்கே வளைக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறாள். அதன் பிறகு படங்கள் கணினிக்குப் போகின்றன. பிரசவத்தின் வரிகள் அங்கே அழிக்கப்படுகின்றன. அறுவைத் தழும்பு துடைக்கப்படுகிறது. இடுப்பு உள்ளே தள்ளப்படுகிறது, நிறம் ஏற்றப்படுகிறது. கடைசியில் கையில் கொடுக்கப்படும் ஆல்பத்தில் இருப்பவள் அவளல்ல. ‘உன் உடலை நீ நேசி’ என்று சொல்லி அழைத்துவந்தவர்கள், அந்த உடலை உள்ளபடி ஒரு பக்கத்தில்கூட அச்சிடத் துணியவில்லை. எண்ணிப் பாருங்கள் சகோதரிகளே! பிள்ளையைச் சுமந்த அடையாளம் திருத்தப்பட வேண்டிய பிழையா?

இஸ்லாம் அலங்காரத்துக்கு எதிரியோ என்ற ஐயம் இங்கே சிலருக்கு எழலாம். ஒருபோதும் இல்லை. பயணத்திலிருந்து திரும்பியபோது, ஊருக்குள் உடனே நுழையாமல் சற்றுத் தாமதிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூறினார்கள். தலை கலைந்திருக்கும் மனைவி வாரிக்கொள்ளவும், கணவனைப் பிரிந்திருந்தவள் தன்னைச் சீர்செய்துகொள்ளவும் அவகாசம் கிடைக்கட்டும் என்பதே காரணம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. தம் மனைவி தமக்காக அழகுபடுத்திக்கொள்வதைத் தாம் விரும்புவது போலவே, அவளுக்காகத் தாமும் அழகுபடுத்திக்கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னார்கள். கணவன் மனைவி இருவரும் ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது குர்ஆன் (2:187). ஆடையின் முதல் வேலை மறைப்பது. அந்த மறைப்புக்குள் எவ்வளவு அழகும், எவ்வளவு விளையாட்டும் இருந்தாலும் மார்க்கம் அதைத் தடுக்கவில்லை. வேண்டிய உடையை வேண்டிய விதத்தில் உடுத்திக் கணவர் முன் நிற்க ஒரு மனைவிக்கு எந்தப் புகைப்படக்காரரின் பயிற்சியும் தேவையில்லை.

மறைப்புக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் மதிப்பைப் பாருங்கள். சூரத்துந் நூரின் 58-ஆம் வசனம், ஃபஜ்ருக்கு முன், உடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில், பருவமடையாத நம் சொந்தக் குழந்தைகளும் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கே அந்த நேரத்தில் கதவைத் தட்டும் கடமை உண்டு. நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவின் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது, இரும்புச் சீப்பினால் தலையைச் சொறிந்துகொண்டிருந்த அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றார்கள். கதவில் ஒரு துவாரம்! இன்று நாமே துவாரம் போட்டு, அதில் கண்ணாடி வில்லையும் பொருத்துகிறோம்.

‘எடுப்பவர் பெண்தானே’ என்ற வாதத்துக்கு வருவோம். ஒரு முஸ்லிம் பெண் மற்றொரு முஸ்லிம் பெண்ணின் முன்னிலையில் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியைக் கட்டாயம் மறைக்க வேண்டும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் சொல்வது. மருத்துவம், பிரசவம் போன்ற தேவைகளுக்கே அதில் விலக்கு. பரிசு ஆல்பம் தேவையாகாது. இதைவிட நேரான ஆதாரமும் உண்டு. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் உடலைப் பற்றித் தன் கணவனிடம், அவன் நேரில் பார்ப்பது போல வர்ணிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). சொல்லால் வரையும் படமே தடுக்கப்பட்டிருக்கிறது. சொல் காற்றோடு போய்விடும். கோப்பு அப்படிப் போவதில்லை.

கோப்பு எங்கெல்லாம் போகும் என்று அறியாததால்தான் ‘அவர் மட்டும் பார்ப்பார்’ என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். கேமராவின் மெமரி கார்டில் ஒன்று. கணினியில் ஒன்று, காப்புக்காக வைத்த ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. நிறம் திருத்துபவர் பெரும்பாலும் ஸ்டூடியோவில் இருப்பதில்லை. வேறு ஊரில் வீட்டிலிருந்து கூலிக்குச் செய்பவர் அவர். அவரிடம் ஒன்று. ஆல்பம் வடிவமைப்பவர், கலர் லேபில் அச்சிடுபவர், பைண்டிங் போடுபவர் என்று கைமாறும். கணவரின் கைபேசிக்கு வந்த பிரதி தானாகவே மேகச் சேமிப்புக்கும் ஏறும். ‘அழித்துவிட்டோம்’ என்று ஸ்டூடியோக்காரர் சத்தியம் செய்தாலும் கேளுங்கள்: கார்டிலிருந்தோ ஹார்டு டிஸ்க்கிலிருந்தோ ஒரு கோப்பை அழிக்கும்போது, பொதுவாக அதன் முகவரிதான் அழிகிறது. அந்த இடத்தில் வேறு தரவு எழுதப்படும் வரை, மீட்கும் மென்பொருள் தெரிந்தவர் அதை எடுத்துவிடலாம். 2008-இல் ஹாங்காங்கையே உலுக்கிய நடிகர் எடிசன் சென்னின் படங்கள் வெளிவந்தது எப்படி? பழுது பார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்துதான். 2014-இல் ஹாலிவுட் நடிகையர் பலரின் மேகச் சேமிப்புக் கணக்குகள் திறக்கப்பட்டு அந்தரங்கப் படங்கள் உலகெங்கும் பரவின. கோடிகளும் வழக்கறிஞர் படையும் உள்ளவர்களாலேயே அவற்றை முழுமையாகத் திரும்பப் பெற முடியவில்லை. கூலிக்கு நூற்பாலை செல்லும் குடும்பத்துப் பெண்ணால் முடியுமா?

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் திருமணமும் நிலைத்துவிடுவதில்லை. தலாக், குலா என்று வந்து ஜமாஅத்தின் முன் இரு தரப்பும் உட்காரும் நாளில், நகையையும் பாத்திரத்தையும் பட்டியலிட்டுத் திருப்பிக் கேட்கலாம். ஆல்பத்தின் கோப்பைத் திருப்பிக் கேட்க முடியாது. கேட்டாலும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அன்பின் நாளில் கொடுத்த பரிசு, பகையின் நாளில் மிரட்டலாக மாறக் கூடும். மனைவியுடனான அந்தரங்கத்தை வெளியில் பரப்புபவன் மறுமை நாளில் மிக மோசமான நிலையில் உள்ளவர்களில் ஒருவன் என்று அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. அந்த எச்சரிக்கை ஆணுக்குச் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பரப்பும் கை யாருடையது என்பது நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது எதிர்த்தரப்பில் நிற்கும் நம்மவர்களைப் பற்றிப் பேச வேண்டும். 2020 அக்டோபரில் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில், புதிதாக மணமுடித்த ஒரு தம்பதியர் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு எடுத்த படங்கள் பரவின. அவர்கள் நம் சமுதாயத்தவர் அல்லர். அந்தப் படங்களை வெளியிட்டது சரியென்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் அதன் பிறகு நடந்தது என்ன? கலாச்சாரக் காவலர்கள் அந்தப் பெண்ணை எழுதக் கூசும் சொற்களால் ஏசினார்கள். ஏசியபடியே படத்தைப் பகிர்ந்தார்கள். இத்தகைய படம் எது வந்தாலும் நம் குழுமங்களிலும் ‘காலக் கொடுமை பாரீர்’, ‘கியாமத் நெருங்கிவிட்டது’ என்ற தலைப்போடு அனுப்பிவைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கியாமத் நெருங்கியதை அறிவிக்க அந்தப் படம் எதற்கு? இறைநம்பிக்கையாளர்களிடையே மானக்கேடு பரவுவதை விரும்புவோருக்கு வேதனை உண்டு என்று அதே சூரத்துந் நூர் (24:19) எச்சரிக்கிறது. பார்வையைத் தாழ்த்தும் கட்டளையும் முதலில் ஆண்களுக்கே (24:30) வந்தது. அடுத்த வசனம்தான் பெண்களுக்கு. நம் பயான்களில் 31-ஆம் வசனம் நூறு முறை ஓதப்பட்டால் 30-ஆம் வசனம் எத்தனை முறை ஓதப்படுகிறது?

‘ஒழுங்காக உடுத்தினால் ஒன்றும் நேராது’ என்ற வாதமும் எனக்கு உடன்பாடில்லை. ஒழுங்காக உடுத்துவது அல்லாஹ்வின் கட்டளை என்பதற்காகச் செய்யப்படுவது. அது அயோக்கியர்களுக்கு எதிரான காப்பீடு அல்ல. 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 ஜனவரி முதல் நாளில் ‘புல்லி பாய்’ என்ற பெயர்களில் முஸ்லிம் பெண்களின் படங்கள் ‘ஏலம்’ விடப்பட்டன. இரண்டாவதில் மட்டும் 100-க்கும் மேற்பட்ட பெண்கள். அவர்கள் வெளியிட்டிருந்தவை அன்றாடச் சாதாரணப் படங்கள். ஹிஜாப் அணிந்த சகோதரியரும் அவர்களில் இருந்தனர். குற்றம் செய்தவன் மீதே குற்றத்தை வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவளிடம் ‘நீ ஏன் படம் போட்டாய்?’ என்று கேட்பவர், குற்றவாளிக்கு வேலையை எளிதாக்கிக் கொடுக்கிறார்.

பொள்ளாச்சி நமக்கு அயலூர் அல்ல. அங்கே பல பெண்கள் படம் பிடிக்கப்பட்டு, அந்தப் படங்களைக் காட்டியே மிரட்டப்பட்டார்கள். 2019 பிப்ரவரியில் ஒருவர் துணிந்து புகார் கொடுக்கும் வரை அது வெளியே வரவில்லை. குடும்பத்துக்குத் தெரிந்தால் என்னாகும் என்ற அச்சம்தான் அந்தக் கயவர்களின் மூலதனம். கடைசியில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் சிறை விதித்தது. பெற்றோர்களே, உங்கள் மகள் இத்தகைய இக்கட்டில் சிக்கினால் முதலில் வர வேண்டியது உங்களிடம். வர முடியாதபடி நீங்கள் பயமுறுத்தி வைத்திருந்தால், அவள் மிரட்டுகிறவனிடம்தான் கெஞ்சிக்கொண்டிருப்பாள். சட்டமும் தெரிந்திருக்கட்டும். பெண் ஒருத்தி தானே சம்மதித்து எடுத்த அந்தரங்கப் படமாயினும், பரப்புவதற்கு அவள் சம்மதிக்காதபோது பரப்புவது குற்றம். 2013-இல் வந்த அந்த விதி இன்று பாரதிய நியாய சம்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் இருக்கிறது. இணையவழிக் குற்றங்களுக்கான உதவி எண் 1930. தன் படங்கள் பரவியதாக முறையிட்ட ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தது. வழக்கறிஞருக்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இனி மூலக் கேள்வி. ஒரு மனைவி தன் மீது நம்பிக்கை கொள்வதற்காகக் கட்டணம் கட்டிக் கேமராவின் முன் போய் நிற்க வேண்டிய நிலை எப்படி வந்தது? அவளிடமிருந்து அதைப் பறித்தது யார்? ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மனைவி அலங்காரமின்றிப் பழைய உடையில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். உம் சகோதரருக்கு இவ்வுலகில் எதிலும் நாட்டமில்லை என்றார் அப்பெண்மணி. ஸல்மான் (ரலி) அப்பெண்ணுக்கு உபதேசம் செய்யவில்லை. கணவரிடமே பேசினார்கள். உம் இறைவனுக்கும் உமக்கும் உரிமை உண்டு, உம் குடும்பத்துக்கும் உம்மிடம் உரிமை உண்டு என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு, ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள் (புகாரி). மனைவி வாடியிருந்தால் கேள்வி கணவனுக்கு என்பதுதான் இங்கே நாம் பெறும் பாடம். நம் வீடுகளிலோ, முதல் பிரசவத்துக்குப் பின் பெருத்த உடலைக் கணவனே கேலி செய்கிறான். மாமியார், நாத்தனார் கூடத்தில் அமர்ந்து நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். “பிள்ளை கறுப்பு, ஆனால் குணம்” என்ற அந்த ‘ஆனால்’ ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிறது. அந்தப் புண்ணுக்குத்தான் அவள் ஸ்டூடியோவில் மருந்து தேடுகிறாள்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அவை மறுமைத் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸாஹிர் (ரலி) என்ற கிராமவாசித் தோழர் அழகற்றவர். கடைத்தெருவில் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, இந்த அடிமையை வாங்குவார் யார் என்று நபி (ஸல்) அவர்கள் விளையாடினார்கள். நான் விலைபோகாதவன் ஆயிற்றே என்றார் அவர். அல்லாஹ்விடம் நீர் விலை குறைந்தவர் அல்லர் என்று பதில் வந்தது (அஹ்மத்). உடலைக் கேலி செய்த இடத்தில் அப்படி ஒரு சொல்லைச் சொல்ல நம் வீட்டு ஆண்களுக்கு எவ்வளவு செலவாகும்?

பெண்பிள்ளையின் படம் விஷயத்தில் நம் சமுதாயமே செய்துவரும் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மணமுடிக்க விரும்பும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படி முகீரா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மணக்கப் போகிறவருக்கு உள்ள அனுமதி அது. நாம் என்ன செய்கிறோம்? பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைக்கு முகத்தை வெளுப்பாக்கும் செயலியில் ஒரு படம் எடுத்து, உயரம், நிறம், பவுன் கணக்கோடு தரகரின் கைபேசிக்கு அனுப்புகிறோம். அவர் அதைத் திண்டுக்கல் தரகருக்கும், அங்கிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் வளைகுடாவுக்கும் தள்ளிவிடுகிறார். முப்பது வீட்டு ஆண்கள் பார்த்து, பத்துப் பேர் நிறம் சொல்லி ஒதுக்கி, ஒருவர் மணமுடித்த பிறகும் அந்தப் படம் எல்லாக் கைபேசிகளிலும் இருக்கிறது. பூடுவார் ஆல்பத்தைக் கண்டிக்கும் நம் ஜமாஅத் நிர்வாகிகள், நிக்காஹ் தஃப்தரில் கையெழுத்திடும் அன்றே தரகரை அழைத்து, தம்மிடம் உள்ள படத்தை அழித்து, அனுப்பிய இடங்களிலும் அழிக்கும்படி சொல்லச் செய்யலாம். எரியோட்டிலும் வேடசந்தூரிலும் வடமதுரையிலும் இதற்குத் தீர்மானம் போட ஒரு ஜும்ஆவுக்குப் பிந்திய பத்து நிமிடம் போதும்.